முதலில் வேலை, பிறகு கிளாஸ்: இணைய ஃபேண்டஸி விளையாட்டுக்குப் புதிதாக வருவோருக்கு

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஃபேண்டஸி ரோல்பிளே விளையாட்டில் கணக்குத் தொடங்கியதும் வரும் திரை, உங்கள் கேரக்டரின் இனம், முகம், தலைமுடி ஆகியவற்றோடு அதன் கிளாஸையும், அதாவது அது போர்வீரனா மந்திரவாதியா என்ற வகையையும், கேட்கும். தலைமுடியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கிளாஸ் பெரும்பாலும் அப்படியல்ல, அடுத்த பல மாதங்களுக்கு உங்கள் விரல்கள் எந்த பட்டன்களை அழுத்தும், குழுவில் மற்றவர்கள் உங்களிடம் எதை எதிர்பார்ப்பார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களில் மொபைலில் துப்பாக்கிச் சண்டை ஆடிப் பழகிவிட்டு, கல்லூரிக்கு வாங்கிய லேப்டாப்பில் முதன்முறையாக இந்தப் பக்கம் வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் கேட்பது, "அண்ணா, எந்த கிளாஸ் ரொம்ப ஸ்ட்ராங்கு?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, குழுவில் நான் என்ன வேலை செய்யப் போகிறேன், என் வீட்டு இணைப்பு அந்த வேலைக்குத் தாங்குமா, யாரோடு எந்த நேரத்தில் ஆடப் போகிறேன் என்ற மூன்றையும் இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: மூன்று வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

கிளாஸ் என்ற ஏற்பாடு கணினிக்கு முன்பே பிறந்தது. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்றே கிளாஸ்கள் இருந்தன. திருடன் அடுத்த ஆண்டு வந்த துணை நூலில்தான் சேர்ந்தான். இன்றைய இணைய விளையாட்டுகளில் பத்துக்கும் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நின்றாலும், டஞ்சன் எனப்படும், எதிரிகள் நிறைந்த இடத்துக்குள் குழுவாகச் சேர்ந்து நுழையும்போது வேலை மூன்றாகவே பிரிகிறது. எதிரியின் கோபத்தைத் தன்மேல் இழுத்துக்கொண்டு அடியைத் தாங்குபவர் டேங்க். குழுவின் உயிரைக் காப்பவர் ஹீலர். எதிரியை வீழ்த்துபவர்கள் டேமேஜ், அதாவது டி.பி.எஸ். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஐந்து பேர் குழுவில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டேமேஜ் இருப்பார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் நான்கு பேர் குழு. அங்கே டேமேஜ் இருவர்தான்.

தூத்தூர், சின்னத்துறை கடற்கரையில் மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோல் போடுகிறவனை எல்லோரும் தூக்கிக் கொண்டாடுவார்கள், ஆனால் பின்வரிசையில் நிற்கிறவன் இடம் விட்டு ஓடினால் ஆட்டம் அங்கேயே கைவிட்டுப் போய்விடும். டேங்கும் ஹீலரும் அந்தப் பின்வரிசைக்காரர்கள்.

உங்கள் இயல்பைக் கொண்டே வேலையைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் போய் வழிகாட்டுவதும், தவறு நடந்தால் அதை எல்லோர் முன்னிலும் ஏற்றுக்கொள்வதும் உங்களுக்குச் சிரமமில்லை என்றால் டேங்க் பொருந்தும். ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் நிலையைக் கவனிக்கும் பொறுமை இருந்தால் ஹீலர் பொருந்தும். உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், கதையைப் படிக்க வேண்டும், பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுவேன் என்பவர்களுக்கு டேமேஜ் போதும். இதில் உயர்வு தாழ்வு கிடையாது. எனினும், வேலைக்கோ கல்லூரிக்கோ போய் வந்து இரவில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே ஆடக்கூடியவர்கள் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும்: டேமேஜ் ஆட விரும்புபவர்களே எங்கும் அதிகம், ஆகவே தானாகக் குழு சேர்க்கும் வரிசையில் அவர்கள் நீண்ட நேரம் காத்திருக்க நேரிடும், டேங்குக்கும் ஹீலருக்கும் பெரும்பாலும் உடனே இடம் கிடைத்துவிடும்.

இரண்டாம் படி: அந்த விளையாட்டில் தேர்வு எவ்வளவு இறுகியது என்று பார்த்தல்

இதைக் கவனிக்காமல் தொடங்குவதால்தான் பலர் இரண்டே வாரத்தில் வெறுத்துப் போய் விட்டுவிடுகிறார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஒரே கேரக்டர் எல்லா கிளாஸையும் கற்கலாம். கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றினால் கிளாஸ் மாறிவிடும், ஒவ்வொன்றுக்கும் லெவல் மட்டும் தனித்தனியாக ஏறும். முதல் கிளாஸில் 10ஆம் லெவலுக்குரிய பணியை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்க விடுவார்கள். ஆகவே அங்கே தவறான தேர்வு என்பதற்குப் பெரிய இழப்பில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் கிளாஸ் கேரக்டரோடு பிறந்து கேரக்டரோடு முடியும், ஆனால் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் ஸ்பெக் எனப்படும் உட்பிரிவுகள் உண்டு. அவற்றை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். அதனால் அங்கே புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது பாலடின் அல்லது ட்ரூயிட். பாலடினுக்கு டேங்க், ஹீலர், டேமேஜ் என்ற மூன்று பிரிவும் உண்டு. ட்ரூயிட் கரடியாக மாறித் தாங்கும், பூனையாக மாறி நகத்தால் கீறும், தூர நின்று மந்திரமும் வீசும், குழுவையும் குணப்படுத்தும். எந்த வேலை நமக்கு ஒத்துவரும் என்று தெரியாத நிலையில் ஒரே கேரக்டரில் மூன்றையும் செய்து பார்க்க முடிவது பெரிய வசதி.

கில்ட் வார்ஸ் 2 வேறு மாதிரி. 2012இல் அது வெளிவந்தபோது தனியாக ஹீலர் என்ற வேலையே வேண்டாம் என்ற எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டது; ஒவ்வொரு கிளாஸுக்கும் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஒரு திறன் கட்டாயம் உண்டு, உருண்டு விலகி அடியைத் தப்பும் வழியும் எல்லோருக்கும் உண்டு. பிறகு பெரிய குழுச் சண்டைகள் வந்தபோது குணப்படுத்தும் வேலை மெல்ல உள்ளே வந்துவிட்டது. அங்கே கையில் எடுக்கும் ஆயுதமே முதல் ஐந்து திறன்களைத் தீர்மானிப்பதால், ஒரே கிளாஸை வாளோடு ஒரு விதமாகவும் கோலோடு இன்னொரு விதமாகவும் ஆடலாம். மாதக் கட்டணம் இல்லை, அடிப்படை விளையாட்டும் இலவசம் என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் இலவசக் கணக்கில் இரண்டு கேரக்டர்களுக்கே இடம் உண்டு. நெக்ரோமான்சரை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் எழுப்பும் ஏவல் பிணங்கள் எதிரியைத் தடுத்து நிற்கும், நிழலுருவம் எடுக்கும்போது இரண்டாவது உயிர்ப்பட்டை ஒன்று கிடைக்கும். புதியவரின் பிழைகளை அவ்வளவு பொறுத்துக்கொள்ளும் கிளாஸ் வேறில்லை என்பது என் கணிப்பு. எலிமெண்டலிஸ்ட் பார்க்க அழகானவர்தான், ஆனால் நெருப்பு, நீர், காற்று, நிலம் என நான்கு நிலைகளுக்கு இடையே மாறி மாறி ஆட வேண்டும், உயிரும் குறைவு. அவரை இரண்டாவது ஆளாக வைத்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் இலவசமாக ஆடிப் பார்ப்பதே முறை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை 20ஆம் லெவல் வரை இலவசமாக ஆடலாம். ஃபைனல் ஃபேண்டஸி 14இன் இலவச எல்லை 2023இல் 70ஆம் லெவல் வரை நீட்டிக்கப்பட்டது, நாள் கணக்கும் இல்லை. ஆனால் ஒரு முறை பணம் கட்டி முழு விளையாட்டை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு இலவச நிலைக்குத் திரும்பாது. தள்ளுபடியைக் கண்டு அவசரப்பட்டு வாங்கிவிட வேண்டாம். அதேபோல, பணம் கொடுத்து நேரே உயர்ந்த லெவலுக்குத் தாவும் வசதியை முதல் கேரக்டருக்கு வாங்கவே வாங்காதீர்கள். 1ஆம் லெவலில் இரண்டு பட்டன், 10ஆம் லெவலில் ஐந்து பட்டன் என்று மெல்ல மெல்லக் கூடிவருவதே கற்றல். தாவி வந்தவர் முன்னால் முப்பது பட்டன்கள் ஒரேயடியாக விரிந்து கிடக்கும்.

மூன்றாம் படி: பிங்கையும் மின்சாரத்தையும் கணக்கிடுதல்

வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, நமக்கோ இது தலையாயது. மேலே சொன்ன மூன்று விளையாட்டுகளுக்கும் இந்தியாவில் சர்வர் இல்லை. நாகர்கோவிலிலிருந்து டோக்கியோ நேர்கோட்டில் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பதால், கேபிள் நூல் பிடித்தாற்போல நேராகப் போனாலும் போய்வர 70 மில்லிசெகண்ட் ஆகும். இந்தப் போய்வரும் நேரமே பிங். உண்மையில் கேபிள் கடலடியில் சுற்றி, பல நிலையங்களில் நின்று போவதால் நூறைத் தாண்டுவது இயல்பு. எவ்வளவு விலையுயர்ந்த ஃபைபர் திட்டம் எடுத்தாலும் இந்தத் தூரம் குறையாது. ஆகவே வேகத்தைக் கூட்டப் பணம் செலவழிப்பதைவிட, பிங் ஏறி இறங்காமல் சீராக இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை லேப்டாப்பில் செருகினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இந்தத் தாமதத்தைச் சில கிளாஸ்கள் பொறுத்துக்கொள்ளும், சில பொறுத்துக்கொள்ளாது. ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஒரு முக்கியத் திறனுக்கும் அடுத்ததற்கும் இடையே பொதுவாக 2.5 விநாடி இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள் துணைத் திறன்கள் இரண்டைச் செருக வேண்டிய கிளாஸ்களில், பிங் அதிகமானால் இரண்டாவது திறன் வழிந்து அடுத்த முக்கியத் திறனைத் தள்ளிவிடும். மெஷினிஸ்ட் சூடேறும் கட்டத்தில் இடைவெளி 1.5 விநாடியாகச் சுருங்குவதால் அவருக்கு இது மிகவும் வலிக்கும். விரல் முத்திரைகளை வரிசையாகப் போட வேண்டிய நிஞ்சாவுக்கும் அப்படியே. நம் ஊரிலிருந்து தொடங்குபவர்கள் அந்த இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டேங்க் என்றால் வாரியர், ஹீலர் என்றால் ஒயிட் மேஜ், டேமேஜ் என்றால் சம்மனர் ஆகியவை தாமதத்திலும் கௌரவமாக ஆடக்கூடியவை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் அடுத்த மந்திரத்தைச் சற்று முன்கூட்டியே அழுத்தினால் விளையாட்டு அதை நினைவில் வைத்து உரிய கணத்தில் நிறைவேற்றும் வசதி உள்ளது. ஆகவே அங்கே பெரும்பாலான கிளாஸ்களைத் தயங்காமல் எடுக்கலாம்.

தரையில் ஆபத்து வட்டம் தோன்றும்போதும் இந்தத் தாமதம் கணக்கில் வரும். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் அடி விழும் காட்சி திரையில் தெரிவதற்கு முன்பே, எதிரியின் மந்திரப் பட்டை நிறையும் கணத்தில், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை சர்வர் குறித்துக்கொள்கிறது. திரையில் நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள், ஆனாலும் அடி விழுகிறது என்றால் காரணம் இதுதான். பட்டை முக்கால் பங்கு நிறையும்போதே விலகிவிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. குலசேகரம், திருவட்டார், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வீடு இருப்பவர்களுக்குக் காற்றடித்தால் கிளை கம்பியில் விழும், கரண்ட் போகும் என்பது வழக்கம். டேமேஜ் ஆடும் ஒருவர் காணாமல் போனால் மீதிப் பேர் தட்டுத்தடுமாறி முடித்துவிடுவார்கள். டேங்க் காணாமல் போனால் அடுத்த சில விநாடிகளில் குழுவே விழுந்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி உண்டு, ஆகவே ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வைத்தால் போதும். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் இணைப்புப் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்தே மின்சாரம் வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் மழைக்காலத்தில் டேமேஜாகச் சேர்வதே மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை. சேரும்போதே சொல்லிவிடவும் வேண்டும். எங்கள் குழுவில் வாய்ஸில் இப்படித்தான் பேசிக்கொள்வோம்: "மக்கா, இங்க நல்லா காத்தடிக்குது, கரண்ட் போனாலும் போவும், அடுத்த பாஸுக்கு முந்தி ஒரு நிமிஷம் நில்லுங்க." பாஸ் என்றால் டஞ்சனில் வரும் பெரிய எதிரி. அந்த ஒரு வாக்கியத்தால் நான்கு பேருடைய அரை மணி நேரம் மிச்சமாகும்.

நான்காம் படி: ஆடத் தொடங்குதல்

முதல் சில நாட்கள் தனியாகவே ஆடி, புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு திறனின் விளக்கத்தையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். அடிக்கடி பயன்படுத்தும் திறன்களை 1 முதல் 5 வரையும், அவசரத்துக்கு உதவும் தற்காப்புத் திறனை கியூ, ஈ, ஆர், எஃப் போன்ற கைக்கெட்டும் பட்டன்களிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மவுஸால் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். கேரக்டரைத் திருப்புவதற்கு மவுஸைப் பயன்படுத்துங்கள்.

கிடைக்கும் கவசத்தில் எண் பெரிதாக இருக்கிறதே என்று அணிந்துவிடக் கூடாது. மந்திரவாதிக்கு அறிவும் வாள்வீரனுக்கு வலிமையும் கூட்டும் பொருள்களே பயன். மாறிப் போட்டால் எண் ஏறும், அடி இறங்கும். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் 30ஆம் லெவலில் கிளாஸ் ஜாப்பாக உயரும். கிளாடியேட்டர் பாலடின் ஆகிறார், கன்ஜூரர் ஒயிட் மேஜ் ஆகிறார். அப்போது கிடைக்கும் சோல் கிரிஸ்டல் என்ற கல்லை அணிந்தால்தான் புதிய திறன்கள் வேலை செய்யும். அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு டஞ்சனுக்கு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

குழுவுக்குள் நுழையும் முன், கணினியே ஓட்டும் துணைவர்களோடு டஞ்சனைப் பழகும் வசதி இப்போது இரண்டு பெரிய விளையாட்டுகளிலும் வந்துவிட்டது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2024 தொடக்கத்தில் இது சேர்க்கப்பட்டது. ஃபைனல் ஃபேண்டஸி 14இல் கதையோடு வரும் டஞ்சன்களை இவ்வாறு ஆடலாம், புதியவர்களுக்கென்று ஒரு பயிற்சிக்கூடமும் அங்கே உண்டு. யாரும் திட்ட மாட்டார்கள், வழியும் மனப்பாடமாகும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதை அவசியம் பயன்படுத்த வேண்டும்.

டேமேஜ் ஆடுபவருக்கு முதல் விதி, டேங்க் அடிக்கத் தொடங்கிய பிறகே அடிப்பது. டேங்க் எந்த எதிரியை முதலில் அடிக்கிறாரோ அதையே நீங்களும் அடியுங்கள். எதிரி மந்திரம் ஓதும்போது அதைத் தடுக்கும் திறன் உங்களிடம் இருந்தால், அதைப் பயன்படுத்துவது கூடுதலாகக் காட்டும் ஆயிரம் டேமேஜைவிட மதிப்புள்ளது.

டேங்க் ஆடுபவர் உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டியது, எதிரியின் கவனத்தை ஈர்க்கும் நிலைத்திறன் இயக்கத்தில் இருக்கிறதா என்பதை. ஃபைனல் ஃபேண்டஸி 14இன் வாரியர் என்றால் டிஃபையன்ஸ் என்று அதற்குப் பெயர். அதை மறந்தால் முதல் சண்டையிலேயே எதிரிகள் ஹீலர்மேல் பாய்வார்கள். எதிரியின் முகத்தைக் குழுவின் பக்கம் காட்டாமல் திருப்பி நிறுத்துங்கள், ஒருமுறை நின்ற இடத்தில் நிலையாக நில்லுங்கள். தற்காப்புத் திறன்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அழுத்தாமல், ஒன்று முடியும்போது மற்றொன்று என்று வரிசையாகச் செலவிட வேண்டும். அடுத்த கூட்டத்தை இழுக்கும் முன் ஹீலரின் மானாவை, அதாவது மந்திரம் ஓதச் செலவாகும் சக்தியை, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிற டேங்கை எந்தக் குழுவும் மறக்காது.

ஹீலரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் அஞ்சப்படும் வேலை அதுதான். ஹீலரின் கண் பாஸின்மேல் இருப்பதில்லை. திரையின் ஓரத்தில் குழுவினரின் உயிர்ப்பட்டைகள் வரிசையாக இருக்கும் இடமே அவருடைய களம். முதல் வேலையாக அந்தப் பட்டைகளைத் திரையின் நடுவுக்குச் சற்றுக் கீழே, உங்கள் கேரக்டரின் காலடிக்கு அருகில் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்; தரையில் தோன்றும் வட்டத்தையும் குழுவின் உயிரையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஒருவருக்கு உயிர் பத்தில் ஒரு பங்கு குறைந்ததும் பதறி மந்திரம் ஓதினால் மானா வீணாகும். டேங்கின் பட்டை பாதிக்கு மேலே இருக்கும்வரை, மெல்ல மெல்ல உயிர் ஊட்டும் சிறிய மந்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு, கிடைத்த நேரத்தில் எதிரியை அடியுங்கள். ஒயிட் மேஜ் போன்றவர்களிடம் குழு அதையும் எதிர்பார்க்கிறது. பட்டை பாதிக்குக் கீழே போனால், ஓதாமலே உடனே பாயும் திறனைப் பயன்படுத்துங்கள். பெரிய மந்திரம் ஓத ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும் என்பதை மனத்தில் வைத்து, பாஸ் பலமாக அடிக்கப் போகிறான் என்று தெரிந்தவுடனேயே ஓதத் தொடங்கினால், அடி விழுந்த மறுகணமே உயிர் ஏறும். அந்தக் கணக்கு ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் இந்த வேலையின் சுவையே தனி. ஒரே நேரத்தில் இருவர் விழப்போகும்போது டேங்கைக் காப்பாற்றுங்கள், டேமேஜ் விழுந்தால் பிறகு எழுப்பிக்கொள்ளலாம். நீங்களும் விழக் கூடாது. தரையில் வட்டத்துக்குள் தானே போய் நிற்பவரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம்.

முன்பின் தெரியாதவர்களோடு சேரும்போது, இது எனக்கு முதல் முறை என்று தொடக்கத்திலேயே சாட்டில் எழுதிவிடுங்கள். பெரும்பாலோர் வேகத்தைக் குறைத்து வழிகாட்டுவார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14இல் முதல்முறை வருபவர் இருந்தால் மற்றவர்களுக்குக் கூடுதல் பரிசும் கிடைக்கிறது. ஜப்பான் சர்வரில் ஆடுபவர்கள் நம் இரவு ஒன்பது மணி அங்கே பின்னிரவு பன்னிரண்டரை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கூட்டம் வேண்டுமானால் மாலை ஆறு, ஏழுக்கே நுழைவது நல்லது. ஐரோப்பிய சர்வரில் அதே ஒன்பது மணி அவர்களுக்கு மாலைப் பொழுது, ஆகவே நம் பின்னிரவில்தான் அங்கே கூட்டம் சேரும்.

கிளாஸை மாற்றும் முன்

சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் அப்டேட்டில் ஒரு கிளாஸின் பலம் கூடும், இன்னொன்றின் பலம் குறையும். இணையத்தில் உலவும் பலசாலிப் பட்டியல்கள் மிகக் கடினமான சண்டைகளில் மிகத் தேர்ந்தவர்கள் பெறும் முடிவை வைத்துப் போடப்படுபவை. லெவல் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்த வேறுபாடு உறைக்காது. அந்தப் பட்டியலைப் பார்த்து மாற்றாதீர்கள். தற்காப்புத் திறனைச் சரியான நேரத்தில் அழுத்தவும், ஒரு டஞ்சனை வழிகாட்டல் இல்லாமல் முடிக்கவும் கற்ற பிறகும் அந்த கிளாஸ் சலிப்பூட்டினால் அப்போது தாராளமாக மாற்றுங்கள். இரண்டாவதாக எடுப்பது வேறொரு வேலையாக இருக்கட்டும்: டேமேஜ் ஆடியவர் ஹீலரையும், ஹீலர் ஆடியவர் டேங்கையும் எடுத்தால், இதுவரை மறுபக்கத்திலிருந்து பார்த்த அதே சண்டையில் மற்றவர் ஏன் அங்கே நின்றார், ஏன் அந்த நேரத்தில் காத்திருந்தார் என்பது விளங்கும். பழைய கேரக்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதில் சேர்த்த பொருளும் பணமும் புதியவருக்கு அனுப்பக்கூடியவையாக இருந்தால் முதலில் அனுப்பிவிட்டு, குழுவில் யார் எந்த வேலைக்கு வருகிறார் என்பதை அடுத்த வாரத்துக்கு முன்பே நண்பர்களிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.